நாணயம் காத்த நியூட்டன்

தமிழ்மொழியில் நாணயம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கடைத்தெருவில் கைமாறும் காசும் நாணயம். மாந்தர் நெஞ்சில் உறையும் நேர்மையும் நாணயம். சொன்ன சொல் தவறாதவரை நாணயமானவர் என்கிறோம். எதற்கும் பயன்படாதவனைச் செல்லாக் காசு என்கிறோம். காசின் மாற்றுப் பார்ப்பவர்க்கு வண்ணக்கர் என்று பெயர் வழங்கினர் நம் முன்னோர். சங்கப் புலவர் சிலர் பெயரோடும் வண்ணக்கன் என்னும் அடைமொழி சேர்ந்திருத்தலைக் காண்கிறோம். நுண்ணிய புலமையும் பொன் நோக்கும் தொழிலும் ஒருவரிடத்தே கூடி நிற்றல் நமக்குப் புதிதன்று.

மேலை நாட்டில் அவ்வாறு இரண்டும் கூடி நின்ற பெருமகன் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம். அவரே ஸர் ஐசக் நியூட்டன். ஆப்பிள் பழம் வீழ்ந்த கதையும் ஈர்ப்பு விதியும் நம் பள்ளிச் சிறுவரும் அறிந்தவை. ஆயின், அப்பேரறிஞர் தம் வாழ்நாளின் இறுதி முப்பது ஆண்டுகளை இங்கிலாந்தின் நாணயச்சாலையில் கழித்தார் என்பதும், கள்ள நாணயம் செய்வோரைத் தேடிச் சிறைக்கூடங்கள்தோறும் நடந்தார் என்பதும் பலர் அறியாதவை.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர்ப் பகுதியில் ஊல்ஸ்தார்ப் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் உழவர் குடும்பம் ஒன்றில், அந்நாளில் அங்கு வழங்கிய பழைய நாட்கணக்கின்படி 1642-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் நியூட்டன் பிறந்தார். பிறப்பதற்கு மூன்று திங்கள் முன்னரே தந்தை இறந்துவிட்டார். குழந்தைக்கு மூன்று வயதானபோது அன்னையும் மறுமணம் புரிந்து வேற்றூர் சென்றார். பாட்டியின் ஆதரவில் தனிமையில் வளர்ந்த சிறுவன், நீர்க் கடிகாரம், சூரியக் கடிகாரம் முதலியவற்றைத் தன் கையாலேயே செய்து மகிழ்ந்தான்.

1661-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரின் டிரினிடி கல்லூரியில் சேர்ந்த அவர், 1669-இல், இருபத்தாறு வயதிலேயே, கணிதப் பேராசிரியராக உயர்ந்தார். 1687-இல் பிரின்ஸிபியா என்னும் நூல் வெளிவந்தது. வானத்துக் கோளும் மரத்துக் கனியும் ஒரே விதிக்கு அடங்கி இயங்குகின்றன என்பதை உலகுக்கு நிலைநாட்டிய நூல் அது. அதே காலத்தில் கல்லூரியின் அருகே உலைக்களம் ஒன்று அமைத்து, உலோகங்களை உருக்கியும் கலந்தும் பிரித்தும் பல்லாண்டு சோதனை செய்தார். உயர்ந்த உலோகம் ஒன்றை ஆக்கும் இரகசியத்தைத் தேடிய இரசவாத முயற்சி அது. தேடியது கிட்டவில்லை, ஆயினும் உலோகத்தின் தன்மையை உள்ளபடி அறியும் பழக்கம் கைவந்தது. அப்பழக்கம் பின்னாளில் நாட்டுக்கே பயன்பட்டது.

1693-இல் மனநலம் குன்றிச் சில காலம் வருந்தினார். தேறி எழுந்தபின் கேம்பிரிட்ஜ் வாழ்வில் அவர்க்கு நாட்டம் குறைந்தது. அப்போது நிதியமைச்சராயிருந்த நண்பர் சார்லஸ் மாண்டேகு, 1696-இல் நாணயச்சாலையின் வார்டன் என்னும் காப்பாளர் பதவியை அவர்க்கு வழங்கினார். பெருமையும் ஊதியமும் உண்டு, உழைப்பு மிகுதியில்லை என்று கருதப்பட்ட பதவி அது. ஐம்பத்து மூன்று வயதில் இலண்டன் டவர் கோட்டைக்குள் நியூட்டன் அடி வைத்தார். அங்கே அவரை வரவேற்றதோ, நோயுற்றுக் கிடந்த ஒரு நாட்டின் நாணயம்.

தேய்ந்த காசும் போலிக் காசும்

1662-ஆம் ஆண்டு வரையில் இங்கிலாந்தின் வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் சம்மட்டியால் அடித்தே ஆக்கப்பட்டன. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளி வில்லையை வைத்து ஓங்கி அடிப்பர். காசு சரியான வட்டமாயிராது, விளிம்பும் ஒழுங்காயிராது. ஆகவே விளிம்பைக் கத்தரித்து வெள்ளியைத் திருடுவது எளிதாயிற்று. பத்துப் பேர் கைமாறிய காசு பத்து முறை கத்தரிக்கப்பட்டது. எண்ணிக்கையில் முழுக் காசு, நிறையிலோ பாதி. 1695-ஆம் ஆண்டளவில் புழக்கத்திலிருந்த பழங்காசுகள் சட்டப்படி இருக்க வேண்டிய நிறையில் ஏறத்தாழப் பாதியே இருந்தன.

1662 முதல் யந்திரத்தால் காசு அடிக்கும் முறை நிலைபெற்றது. உருளைகளிடையே உலோகத்தைத் தகடாக இழுத்து, வட்டமாக வெட்டி, திருகு யந்திரத்தால் அச்சுப் பதித்தனர். சிறிய காசுகளின் விளிம்பில் வரிகளும், கிரௌன் என்னும் பெரிய காசின் விளிம்பில் இலத்தீன் எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. அணியும் அரணும் இதுவே என்பது அவ்வெழுத்துகளின் கருத்து. விளிம்பைக் கத்தரித்தால் எழுத்துப் போய்விடும், திருட்டு வெளிப்படும். விளிம்பு பொறிக்கும் கருவியின் நுட்பம் இரகசியமாகக் காக்கப்பட்டது. அதனை வெளியிடுவதில்லை என்று பணியாளர் சத்தியம் செய்தனர்.

நல்ல காசு வந்ததும் தீய காசு ஒழிந்ததோ? இல்லை. இரண்டுக்கும் கடையில் ஒரே மதிப்பு. எனவே நிறை குன்றாத புதுக் காசை மக்கள் பதுக்கினர், உருக்கினர், வெள்ளி விலை உயர்ந்த அயல்நாடுகளுக்கு அனுப்பினர். தேய்ந்த பழங்காசே கடைவீதியில் உலவியது. அதனோடு செம்பின்மேல் வெள்ளி பூசிய போலிக் காசும் கலந்தது. கூலி வாங்கிய ஏழை, தன் கைக்காசு அரிசிக் கடையில் செல்லுமா செல்லாதா என்று அஞ்சிய நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் உழைப்புக்குக் கிடைத்த கூலியையே ஐயுறும்படி நேர்வது கொடுமையிலும் கொடுமை.

பெரும் மறுவார்ப்பு

பழங்காசு அனைத்தையும் திரும்பப் பெற்று, உருக்கி, யந்திரக் காசாக வார்ப்பதென்று பாராளுமன்றம் தீர்மானித்தது. புதுக் காசில் வெள்ளியின் அளவைக் குறைக்கலாமா என்று 1695-இல் அறிஞரிடம் கருத்துக் கேட்டபோது, குறைப்பதே தக்கது என்றார் நியூட்டன். தத்துவ அறிஞர் ஜான் லாக் அதனை எதிர்த்தார். லாக்கின் கருத்தே வென்றது. தாம் ஒப்பாத கொள்கையை நிறைவேற்றும் பொறுப்பு நியூட்டன் தோள்மேல் விழுந்தது, அவர் முணுமுணுக்கவில்லை.

நாணயச்சாலையின் மாஸ்டர் என்னும் தலைவராயிருந்த தாமஸ் நீல் என்பவர் பணியில் நாட்டமில்லாதவர். காப்பாளராக வந்தவரே ஒவ்வொரு வேலையையும் நேரில் கவனித்து, எந்த வேலைக்கு எத்தனை ஆள், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்று கணக்கிட்டார். யந்திரம் சுற்றும் ஆட்களும் உருளை இழுக்கும் குதிரைகளும் விடியுமுன் தொடங்கி நள்ளிரவு வரை முறை வைத்து உழைத்தனர். திருகு யந்திரம் ஒன்று நிமிடத்துக்கு ஐம்பது காசுக்கு மேல் அடித்தது. பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிடர், நார்விச், யார்க் ஆகிய ஐந்து நகரங்களில் கிளைச் சாலைகள் திறக்கப்பட்டன. வால்மீன் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி செஸ்டர்ச் சாலையில் பணிபுரிந்தார். ஏறத்தாழ 68 இலட்சம் பவுன் மதிப்புள்ள வெள்ளிக் காசு இவ்வாறு புதிதாக்கப்பட்டது. திரும்பி வந்த காசுகளில் ஐந்தில் ஒன்று போலி என்று நியூட்டன் மதிப்பிட்டார்.

இப்பெரும்பணியின் துன்பத்தையும் மறைத்தலாகாது. 1696-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் பழங்காசு செல்லாதாயிற்று, புதுக்காசு போதவில்லை. வரி செலுத்திய செல்வர் தம் தேய்ந்த காசை அரசிடம் தள்ளிவிட்டனர். வரி செலுத்தும் நிலையில்லாத ஏழையின் கையிலோ தேய்ந்த காசு தங்கி நட்டம் தந்தது. மறுவார்ப்பின் செலவை ஈடுசெய்ய வீட்டுச் சன்னல்களை எண்ணி வரி விதிக்கப்பட்டது. நோய் தீர்க்கும் மருந்தும் கசந்தது.

கள்ளரைத் தேடி

கள்ளக் காசு செய்வோரைப் பிடித்து வழக்குத் தொடுப்பதும் காப்பாளர் கடமையாயிருந்தது. அந்நாளில் அது இராஜத் துரோகம், தண்டனை மரணம். நியூட்டன் இக்கடமையை விரும்பவில்லை. தம்மை இதிலிருந்து விடுவிக்குமாறு 1696-இலேயே கருவூலத்தாரை வேண்டினார். குற்றவாளியைக் காட்டிக் கொடுப்போர்க்கு நாற்பது பவுன் சன்மானம் உண்டு. சன்மானத்தை நாடிப் பொய்ச்சாட்சி சொல்வோர் பெருகிவிட்டனர். அதனால் மெய்ச்சாட்சியையும் நடுவர் நம்புவதில்லை என்று அவர் எடுத்துக் காட்டினார். போலிக் காசு நல்ல காசை விரட்டுவதுபோலப் பொய்ச்சாட்சி மெய்ச்சாட்சியை விரட்டிற்று.

வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. விலக முடியாதெனக் கண்டதும், எடுத்த செயலை அரைகுறையாகச் செய்யும் இயல்பில்லாத அவர் முழுமூச்சுடன் இறங்கினார். இலண்டனைச் சூழ்ந்த மாவட்டங்களில் விசாரணை நடத்தும் நீதிபதி உரிமையைப் பெற்றார். மதுக்கடைகளுக்கும் சிறைகளுக்கும் சென்று ஒற்றர்களையும் கைதிகளையும் வினவினார். 1698-ஆம் ஆண்டு ஜூன் முதல் 1699-ஆம் ஆண்டு இறுதி வரை நூற்றுக்கு மேற்பட்ட விசாரணைகளை நடத்தினார். இருபத்தெட்டுப் பேர் மீது குற்றத்தை நிலைநாட்டினார்.

அவர்களுள் தலையாயவன் வில்லியம் சலோனர். நெசவாளியின் மகனாய்ப் பிறந்து ஆணி அடிக்கும் தொழில் பயின்ற அவன், இலண்டன் வந்து முலாம் பூசும் கலையைக் கற்றான். பிரான்சு நாட்டுப் பொற்காசும் ஆங்கிலக் கினியும் அவன் கையில் போலியாய் உருப்பெற்றன. செல்வம் பெருகியது, கனவான் வேடம் பூண்டான். 1694-இல் தோன்றிய இங்கிலாந்து வங்கியின் நூறு பவுன் நோட்டையும் அடுத்த ஆண்டே போலியாக ஆக்கினான். அகப்பட்டதும் கூட்டாளிகளைக் காட்டிக் கொடுத்துத் தப்பினான். துணிவின் உச்சியாக, நாணயச்சாலையில் ஊழல் மலிந்துள்ளதென்றும் தன்னை உள்ளே விட்டால் போலி செய்ய முடியாத காசு ஆக்கித் தருவதாகவும் 1697-இல் பாராளுமன்றக் குழுவினிடமே முறையிட்டான். பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கச் சொன்ன கதை இது. நியூட்டன் அவனை உள்ளே விடவில்லை.

ஆயினும் உடனே அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இயலவில்லை. சாட்சிகள் அஞ்சினர், சிலர் மறைந்தனர். நியூட்டன் பொறுமையிழக்காமல், சலோனருடன் முன்பு பழகியோர், அவனால் வஞ்சிக்கப்பட்டோர், சிறையில் அவனோடிருந்தோர் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் பெற்று இழை இழையாகக் கோத்தார். 1699 மார்ச் மாதம் வழக்கு நடந்தது. அம்மாதத்திலேயே டைபர்ன் தூக்குமேடையில் சலோனர் உயிர் நீத்தான். இறக்குமுன் இரக்கம் வேண்டி நியூட்டனுக்கு எழுதினான். நியூட்டன் அதற்கு இரங்கவில்லை.

இவ்விடத்தில் நம் நெஞ்சம் சற்றுத் தயங்குகிறது. காசுக்காக உயிர் கொள்ளும் சட்டத்தை இந்நாளில் நாம் ஏற்க மாட்டோம். அச்சட்டம் நியூட்டன் ஆக்கியதன்று. எனினும் அதன் கருவியாக நின்றவர் அவரே. அவரது ஆற்றலைப் போற்றும்போது இந்நிழலையும் சேர்த்தே காண்பதுதான் நேர்மை.

அளவுகோலையே அளந்தவர்

1699-ஆம் ஆண்டு இறுதியில் அவர் நாணயச்சாலையின் தலைவரானார். 1701-இல் கேம்பிரிட்ஜ்ப் பதவியைத் துறந்தார். 1703-இல் ராயல் சொஸைட்டியின் தலைவராயினார். 1705-இல் ஆன் அரசியார் அவர்க்கு ஸர் பட்டம் வழங்கினார். பட்டமும் பதவியும் வந்தபின்னும் தராசை விட்டு அவர் கண் அகலவில்லை. முன்பெல்லாம் கினிகளுள் சில சற்றுக் கனத்தும் சில சற்று இலேசாகவும் வந்தன. பொற்கொல்லர் கனத்தவற்றைப் பொறுக்கி உருக்கி ஊதியம் கண்டனர். ஒவ்வொரு காசும் ஒத்த நிறையாய் வருமாறு செய்து அவ்வாணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

புதுக் காசுகளில் சிலவற்றை எடுத்துப் பெட்டி ஒன்றில் இட்டு வைத்து, பொற்கொல்லர் சங்கத்தாரைக் கொண்டு மாற்றுப் பார்க்கும் வழக்கம் இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக உண்டு. பிக்ஸ் சோதனை என்பது அதன் பெயர். 1710-ஆம் ஆண்டுச் சோதனையில் நியூட்டன் காலத்துப் பொற்காசு மாற்றுக் குறைந்தது என்று தீர்ப்பாயிற்று. பிறரெனில் சினந்திருப்பர், அல்லது பணிந்திருப்பர். நியூட்டன் உலையைப் பற்ற வைத்தார். காசை ஒப்பிட்டுப் பார்க்க 1707-இல் செய்யப்பட்ட மாற்றுத் தகட்டையே சோதித்தார். இருபத்து நான்கில் இருபத்திரண்டு பங்கு பொன் இருக்க வேண்டிய அத்தகட்டில் அதற்கு மேலும் பொன் இருந்தது. குறை காசில் இல்லை, உரைத்துப் பார்த்த தகட்டில்தான் என்று மெய்ப்பித்தார். அத்தகடு ஒதுக்கப்பட்டுப் பழைய தகடே மீண்டும் பயன்பட்டது. பிறரைச் சோதிக்கும் அளவுகோலும் சோதனைக்கு உட்பட்டதே என்னும் இந்நிகழ்ச்சி, அவர் வாழ்க்கையில் நாம் பெறும் தலைசிறந்த பாடம் என்போம்.

நம் வீட்டுச் சவரன்

1717-ஆம் ஆண்டில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் உள்ள விலைத் தொடர்பைப் பற்றி அவர் அரசுக்கு அறிக்கை அளித்தார். இங்கிலாந்தில் ஒரு பங்கு பொன்னுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் வெள்ளி. இந்தியாவில் ஏறத்தாழப் பன்னிரண்டு. சீனத்திலும் ஜப்பானிலும் ஒன்பது அல்லது பத்து. ஆதலின் வெள்ளி கீழை நாடுகளை நோக்கி ஓடுகிறது என்று காட்டினார். அவ்வாண்டு டிசம்பரில் கினியின் மதிப்பு இருபத்தொரு ஷில்லிங் என அறிவிக்கப்பட்டது. அம்மதிப்பும் பொன்னுக்குச் சற்று மிகுதியே. எனவே வெள்ளி மேலும் வெளியேறியது. இங்கிலாந்து நாளடைவில் பொன் நாணய நாடாயிற்று.

இதற்கும் நமக்கும் உள்ள உறவைக் கேளுங்கள். ஒரு டிராய் பவுண்டு நிறையுள்ள பொன்னில் நாற்பத்து நாலரைக் கினிகள் அடிக்கப்பட்டன. இருபத்தொரு ஷில்லிங் பெறும் கினியின் நிறையை இருபத்தொரு பங்காக்கி, அதில் இருபது பங்கைக் கொண்டு 1817-இல் சாவரின் என்னும் காசு அடிக்கப்பட்டது. அதன் நிறை 7.98 கிராம். அதனையே நம் மக்கள் சவரன் என்றும் பவுன் என்றும் அழைத்தனர். இன்றும் நகைக் கடையில் எட்டுக் கிராம் ஒரு சவரன். மகள் திருமணத்துக்கு நம் இல்லங்களில் எண்ணப்படும் ஒவ்வொரு சவரனிலும் 1717-ஆம் ஆண்டு மதிப்பின் சுவடு இருக்கிறது என்றால் வியப்பன்றோ!

நியூட்டன் 1727 மார்ச் 20-ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில், நாணயச்சாலைத் தலைவராயிருக்கும்போதே மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பழங்காசு திரட்டும் இளைஞர்க்கு

நம் காலனிச் சிறுவர் சிறுமியரில் பழங்காசு திரட்டுவோர் உளர். நியூட்டன் காலத்துக் காசு கிடைத்தால் எதனை நோக்க வேண்டும் என்று சில சொல்வோம்.

மூன்றாம் வில்லியம் அரசரின் 1696, 1697-ஆம் ஆண்டுக் காசுகளில் அரசர் தலையின் கீழ் ஓர் எழுத்து இருக்கலாம். அது கிளைச் சாலையைக் குறிக்கும் முதலெழுத்து. ஈ என்னும் ஆங்கில எழுத்து வில்லியம் காசில் எக்ஸிடரைக் குறிக்கும். அதே எழுத்து 1707-க்குப் பின் ஆன் அரசியாரின் காசில் எடின்பரோவைக் குறிக்கும். 1702, 1703-ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் விகோ என்னும் பெயர் காணப்படும். ஸ்பெயின் நாட்டு விகோ துறைமுகத்தில் கைப்பற்றிய வெள்ளி என்பது அதன் பொருள்.

அரசர் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். வி எழுத்துக்கு மாறாக ஏ எழுத்து தலைகீழாய் நிற்கும். அச்சு வெடித்ததால் கோடு ஒன்று மேலெழுந்து தோன்றும். தகடு இழுத்தபோது நேர்ந்த கீற்றுகள் முகத்தில் ஓடும். இவையெல்லாம் பிழைகள், போலிகள் அல்ல. இரவும் பகலும் உழைத்த தொழிலாளியின் களைப்பே அங்கே பதிந்திருக்கிறது. இத்தகைய காசைச் சேகரிப்போர் விரும்பித் தேடுவர்.

போலியின் இலக்கணம் வேறு. நிறை பொருந்தாது. விளிம்பு வரிகள் மழுங்கியிருக்கும். அல்லது விளிம்பைச் சுற்றி வார்ப்பின் இணைப்புக் கோடு தெரியும். முகத்தில் நுண்ணிய குழிகள் காணும். முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்க்கும். எல்லாவற்றிலும் சிறந்த சான்று ஒன்றுண்டு. தேய்மானமும் கீறலும் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனி. இரண்டு காசுகளில் அதே இடத்தில் அதே கீறல் இருந்தால், இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்த போலிகள் என்று ஐயுறுக.

கள்ளருக்கும் காவலருக்கும் நடக்கும் போர் ஓய்ந்ததன்று. இங்கிலாந்தில் 1983-இல் வெளியான ஒரு பவுன் காசின் விளிம்பிலும் அணியும் அரணும் என்னும் அதே பழைய இலத்தீன் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அக்காசிலும் ஏறத்தாழ முப்பதில் ஒன்று போலியாயிற்று; 2017-இல் பன்னிரண்டு பக்கமுள்ள புதுக் காசு வந்தது.

பிழை வேறு, வஞ்சனை வேறு. பிழையைப் பொறுத்து, வஞ்சனையை விலக்கி, அளக்கும் கோலையும் அளந்து பார்த்தல் வண்ணக்கர் தொழில். வாழ்க்கைக்கும் அதுவே நெறி. பிறந்த ஊரை விட்டு, மொழி வேறுபட்ட மக்களிடையே குடியேறி வாழும் நமக்கு, குலமும் கோத்திரமும் எடுத்துச் சொல்ல இங்கு எவரும் இலர். அண்டை வீட்டாரும் அலுவலகத்தாரும் கடைக்காரரும் நம்மை மதிப்பது நம் நாணயம் ஒன்றைக் கொண்டே. அதன் விளிம்பு தேயாமல் காத்து நம் மக்கள் கையில் ஒப்படைப்போமாக!